பச்சைத் திரையில் நாலு பிறை

நீ மலரில் எழுதியிருப்பது பொய்.

பழைய மாணவிகள் சங்கத்தின் மலர் போன வாரம் தபாலில் வந்தது. உன் படத்தைப் போட்டு, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை என்று போட்டு, அடியில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். நீ வகுப்புத் தலைவியாக இருந்த எட்டாம் வகுப்பில் நடந்த கண்காட்சியைப் பற்றி அதில் நாலு வரி. "ஒரு மாணவி மதப்பற்று மிகுந்து, ஆசிரியை அரும்பாடுபட்டு வரைந்த திரையில் பிறைகளை வரைந்து கெடுத்துவிட்டாள். அறியாத வயது. நாங்கள் அவளை மன்னித்துவிட்டோம்." அவள் பேரைப் போடவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். நம் வகுப்பில் எட்டாவது வரைக்கும் வந்த முஸ்லிம் பிள்ளை அவள் ஒருத்திதான். பேர் எதற்கு?

மன்னித்தோமாம். யார், யாரை?

மற்றவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதைச் சங்கத்துக்கே அனுப்புகிறேன். அன்று அந்த ஹாலில் நின்றவர்களில் கொஞ்சப் பேர்தான் மிச்சம். எல்லோருக்கும் எண்பதை ஒட்டிய வயது. காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது. இது மறந்திருக்காது. மறந்தவர்களுக்கு நான் சொல்கிறேன்.

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பியதற்கு மறுவருஷம் அது. முனிசிபல் பார்க் ரேடியோவில் செயற்கைச் சந்திரன் என்ற பேச்சு ஓயவில்லை. என் அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. பட்டறைக்கு அமாவாசை அன்று மட்டும்தான் விடுமுறை. அன்றைக்குத்தான் அவர் பகலில் தூங்குவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "இனிமே ரெண்டு நிலாவாம்ல. அப்ப மாசம் ரெண்டு அமாவாசை. மொதலாளி ரெண்டு லீவு விடுவானா?" என்று கேட்டார்.

இதை நான் வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நீ பேர் போடாத அந்தத் தோல் கிடங்குக்காரர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. செத்த நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு நிலாவும் ஒரே நாள்ல மறைஞ்சா ஒரு லீவுதான்டி."

அவள் பக்கத்தில் உட்கார யாருக்கும் இஷ்டமில்லை. பேகம்பூரில் அவள் அத்தாவுக்குத் தோல் கிடங்கு. வீட்டுக்குப் பின்னாலேயே தொட்டிகள். ஆவாரம்பட்டை ஊறிய வாடையும் சுண்ணாம்பு வாடையும் அவள் தாவணியில் இருக்கும். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. என் அப்பா மேலே எந்நேரமும் இரும்புத்தூள் வாடை. நாற்றத்தோடு வளர்ந்த ரெண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவ்வளவுதான் எங்கள் சிநேகம் தொடங்கிய கதை.

அன்றிலிருந்து அவளுக்கு இதே வேலை. ரெண்டு நிலா போதாது என்று நாலாக்கினாள். ஏதோ ஒரு கிரகம், அதற்கு நாலு நிலா. ஒன்று நாலு நாளில் பிறையாகி, முழுசாகி, தேய்ந்து முடிந்துவிடும். அடுத்தது ஆறு நாளில். அடுத்தது பத்து. கடைசி பதினைந்து. நாலும் ஒன்றாக இருட்டாகிற நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாள். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். கறுப்பு அடித்தது, பாதி அடித்தது, அடிக்காதது.

"நாலு நிலா இருந்தா எங்கப்பாவுக்கு எத்தன லீவு?"

"அறுபது நாளைக்கு இருபத்துநாலு லீவுடி."

"உங்களுக்கு? எந்தப் பிறையப் பாத்து நோன்பு புடிப்பீங்க?"

"அத்தாகிட்ட கேட்டேன். சோத்துல கைய வச்சுக்கிட்டே யோசிச்சாரு. அந்த ஊரு ஆளுங்க ஒக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வருவாங்க, நீ சோத்தத் தின்னுன்னாரு."

நீயும் அந்தப் பேச்சில் இருந்தாய். 'ஒரே நாள்ல நாலு பௌர்ணமி வந்தா எப்படி இருக்கும்' என்று கேட்டது நீதான். அவள் ஒரு வாரம் கழித்துப் பதில் கொண்டுவந்தாள். நாலும் ஒன்றாக மறைகிற நாள் அறுபது நாளுக்கு ஒரு தடவை வரும். நாலும் ஒன்றாக முழுசாகிற நாள் வரவே வராது. முதல் நிலா முழுசாகிற நாளெல்லாம் இரட்டைப்படை, ரெண்டு, ஆறு, பத்து என்று போகும். ரெண்டாவது நிலா முழுசாகிறதெல்லாம் ஒற்றைப்படை, மூணு, ஒன்பது, பதினைந்து. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் சேராது. நீ முகத்தைச் சுளித்து, "என்னடி கிரகம் இது, பாவப்பட்ட கிரகம்" என்றாய். போன வாரம் நான் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் கணக்கு சரி.

நம் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் விளாமரம் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து விழுந்த பழம் என்றால் வெல்லம் போட்டுத் தின்பதுதான் வழக்கம். அந்த வருஷம் அவள் நாலு பழத்தை உடைக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கிடங்கில் தோலின் மயிர் உதிர ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் முக்கி, காயவைத்து, முட்டை மாதிரி வெளுப்பாகக் கொண்டுவந்தாள். பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த சணலில் கட்டினோம்.

சாயங்காலம் மணி அடித்த பிறகு மைதானத்தில் நாம் மூன்று பேர். சூரியன் மலைக்கோட்டைப் பாறைக்குச் சற்று மேலே நின்றது. அவள் எனக்கு ரெண்டு பழம், உனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பிரித்தாள்.

பழத்தைச் சூரியன் பக்கம் நீட்டினால் நமக்குத் தெரிவது அதன் இருட்டு முகம். சூரியனைப் பார்த்த விளிம்பில் மட்டும் நகத்தை வெட்டிப் போட்டது மாதிரி ஒரு கீற்று வெள்ளை. உச்சந்தலைக்கு நேரே தூக்கினால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. திரும்பி நின்று, முதுகில் வெயில் படச் சிறுமலைப் பக்கம் நீட்டினால் முழு வெள்ளை.

"ஒந் தலைய நகத்து புள்ள. கிரகணம் வந்துரும்," என்றாள் உன்னிடம். உன் தலையின் நிழல் உன் நிலாவின் மேல் விழுந்திருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டையும் ஒட்டிப் புடி. சூரியனுக்குப் பக்கத்துல. ஒண்ணு பிறையாவும் ஒண்ணு முழுசாவும் தெரியுதா?"

"இல்ல. ரெண்டும் பிறைதான்."

"தெரியவே தெரியாது. எத்தன நிலா இருந்தாலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரே மாதிரிதான். வெளிச்சம் ஒரே எடத்துலேருந்துதான வருது."

"இதெல்லாம் ஒனக்கு யாருடி சொன்னா?" என்று கேட்டாய்.

"யாரு சொல்லணும்? நோன்புக்குப் பிறை பாக்க மொட்டமாடிக்கு ஏறுவோம்ல. சூரியன் விழுந்த எடத்துக்கு மேலதான் தேடணும். சிறுமலைப் பக்கம் தேடுனா எங்கத்தா மண்டையில கொட்டுவாரு."

அவளை அந்த வருஷக் காலாண்டோடு நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேச்சு இருந்தது. வயசுக்கு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அவள் அத்தாவைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்டார்கள். அவர் நல்ல மனுஷர். வெற்றிலையை மென்றுகொண்டே இருப்பார். நம் பூகோள டீச்சர் அவரைக் கிடங்கிலேயே போய்ப் பார்த்து ஒரு பேச்சுப் பேசிவிட்டு வந்தார். "கண்காட்சிக்கு வந்து உங்க பொண்ணு என்ன செஞ்சிருக்கான்னு பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க." அவரும் சரி என்றார். பள்ளிக்கூடத்தில் அவள் இருப்பதும் போவதும் அந்த ஒரு நாளில் இருந்தது. அது எனக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அவளே நம்மிடம் சொன்னாள்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது இருபத்துநாலு வயசு இருக்கும். வேலை நிரந்தரமாகவில்லை. கண்காட்சியில் வேற்றுக் கிரகம் ஒன்றைக் காட்டலாம் என்ற யோசனையே அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்து அவருக்கு வந்ததுதான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் சாப்பிடாமல் வந்து, காடாத் துணியைத் தைத்துச் சேர்த்து, ஆளுயரத்துக்கு ஒரு திரை எழுதினார். நம் வானம் நீலம் என்பதால் அந்தக் கிரகத்து வானத்தைப் பச்சையாக்கினார். பள்ளிக்கூடக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட் டப்பா இருந்தது. கீழே ஒரு பாறை, அதன் பின்னால் பாதி இறங்கிய சூரியன். வேற்றுக் கிரகத்துப் பாறை என்றாலும் அது அச்சாக நம் மலைக்கோட்டைதான். அவருக்குத் தெரிந்த பாறை அது ஒன்றுதான். சூரியனுக்கு மேலே வரிசையாக நாலு நிலா. பிறை, பாதி, முக்கால், முழுசு. பூகோளப் புத்தகத்தில் நிலாவின் வளர்ச்சியைக் காட்டுகிற படம் அப்படித்தான் இருக்கும். ஒரு நிலாவின் நாலு நாளை அவர் ஒரே சாயங்காலத்தின் நாலு நிலாவாக்கிவிட்டார். பிழை அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் திரையைத் துணியால் மூடிவைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் தலைமைக் கன்னியாஸ்திரீயான பெரிய சிஸ்டரோடு பள்ளிக் கமிட்டிக்காரரை அழைக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தார். ஹாலைப் பெருக்க நம் மூவரையும் விட்டிருந்தார். அவள் மூடியிருந்த துணியை விலக்கித் திரையைப் பார்த்தாள். பெருக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"டீச்சர் தப்பா எழுதிட்டாங்க."

"வாயக் கழுவு," என்றாய்.

"சூரியனுக்குப் பக்கத்துல முழு நிலா எப்படிடி வரும்? நீயே பழத்தப் புடிச்சுப் பாத்தீல்ல? நாளைக்கு நான் இதுக்கு முன்னால நின்னுதான சொல்லணும். தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? எங்கத்தாவும் வருவாரு. பிறை பாக்குற மனுஷன். மொதப் பார்வையிலேயே கேப்பாரு."

நீ யோசித்தாய். மனசாட்சியோடு சொல்கிறேன், நீ நல்ல எண்ணத்தில்தான் யோசித்தாய். "டீச்சருக்கே தெரியாம சரி பண்ணி வச்சா நாளைக்குச் சந்தோஷப்படுவாங்க," என்றாய். ஓவியத்தில் நம் வகுப்பில் உன் கைக்கு மிஞ்சின கை கிடையாது. நான் பச்சை டப்பாவைக் கிளறினேன். பெஞ்சின் மேல் பெஞ்சைப் போட்டேன். நீ ஏறி, பிறை மட்டும் மிஞ்சும்படி மற்ற நிலாக்களின் மேல் பச்சையை அடித்தாய். நான் பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் பத்தடி தள்ளி நின்று சொன்னாள்.

"இன்னும் மெலிசா. வயிறு சூரியனப் பாத்து இருக்கட்டும். கொம்பு மேல. ஓடம் மாதிரி. மூணாவதையும் அப்படியே. நாலாவதையும்."

தூரிகையை அவள் தொடவே இல்லை. பச்சை வானத்தில் நாலு பிறை. நீ இறங்கி வந்து பார்த்து, "அழகா இருக்குல்ல," என்றாய். இருந்தது. வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு சாயங்காலத்தை எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. நமக்கு அப்போது பதின்மூன்று வயசு. பச்சைத் துணியில் பிறை என்றால் பெரியவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று நம் மூவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதை யாரும் நம்பவில்லை.

மறுநாள் ஹால் நிறைய ஆள். அவள் அத்தா கஞ்சி போட்ட சட்டையில் அத்தர் மணக்கக் கடைசி வரிசையில் நின்றார். கையில் ஒரு புதுப் பேனா இருந்தது, டப்பாவோடு. யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கமிட்டிப் பெரியவர் வந்து கயிற்றை இழுத்தார். மூடியிருந்த துணி விலகியது.

அவர் முதலில் சிரித்தார். "என்ன சிஸ்டர், இது எந்த ஊருக் கொடி?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நாடு பிரிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, கடைசி வரிசையில் நின்ற அந்த மனுஷரைப் பார்த்தார்கள். அவர் என்ன செய்வார்? அவரும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "இத யாரு தொட்டது?"

அவள் முன்னால் வந்தாள். "நாந்தான் டீச்சர் சொன்னேன். நாலு நிலாவும் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கறதால..." கையில் விளாம்பழத்தைத் தூக்கினாள்.

"போதும்," என்றார் பெரிய சிஸ்டர்.

"செத்த நேரம் சிஸ்டர், வெளிய வந்தா வெயில்ல காட்டிருவேன்."

"போதும்னு சொன்னேன். உங்க வீட்டுச் சின்னத்த எல்லாம் உங்க வீட்டுல வச்சுக்கணும்."

பிறகு சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீ அவ கூடத்தான ஒக்காருவ. நேத்து நீயும் இருந்தியா?"

"இல்ல சிஸ்டர்," என்றேன்.

என் கை பின்னால் இருந்தது. பத்து நகத்திலும் பச்சை. உன் பின்னலின் நுனியில் பச்சை ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் கைதான் பழத்தோடு எல்லோர் முன்னாலும் நீட்டியபடி இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. அத்தனை பெரியவர்கள் இருந்தார்கள். ஒருத்தர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை.

அவள் உன்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. நீயாகச் சொல்லுவாய் என்று நினைத்தாள். உன்னை அடுத்த மேசைக்குப் போய் வைகை அணை மாதிரியை விளக்கச் சொன்னார்கள். நீ குச்சியை எடுத்துக்கொண்டு போய் விளக்கினாய். நன்றாகத்தான் விளக்கினாய்.

அத்தா வந்தார். கையைக் கூப்பினார். "சின்னப் புள்ள. மன்னிச்சிருங்க," என்றார். மகளைத் திட்டவில்லை. "வாம்மா போவோம்," என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பேனா டப்பா சட்டைப் பைக்குள் போய்விட்டது.

திரையைக் கிழித்துத் தொட்டியில் ஊறப்போட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு துடைக்கிற துணியெல்லாம் பச்சையாக இருந்தது. அதை நாம் எல்லோருமே கையில் எடுத்துத் துடைத்திருக்கிறோம்.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சாயங்காலம் மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்க வகுப்புக்குப் போனேன். மேற்கு ஜன்னலில் டீச்சர் தனியாக நின்றார். அவள் விட்டுப்போன விளாம்பழம் ஒன்று அவர் கையில். வெயிலுக்கு நேரே நீட்டினார். பிறகு கையை மெதுவாக மேலே கொண்டுபோனார். திரும்பி நின்று பார்த்தார். மறுபடியும் வெயிலுக்கு நேரே. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நிற்பதைப் பார்த்ததும், "தப்பு என்னோடதுடி," என்றார். நான் அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொன்னேன். யார் கிளறியது, யார் வரைந்தது, எல்லாம்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு பேகம்பூருக்கு நடந்தார். கிடங்கில் அவள் அத்தா எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். டீச்சர் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"எம் புள்ள தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "பிறை பாக்கக் கூட்டிட்டுப் போனவன் நாந்தானே. ஆனா இத எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப் போகுது? அம்புட்டுப் பேரு முன்னால சொன்னது. இப்ப சொந்தக்காரங்க, கடைத்தெரு எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்குறாங்க. அதே எடத்துல, அம்புட்டுப் பேரு முன்னால யாராவது ஒருத்தரு அது கொடி இல்ல, பாடம்னு சொல்லட்டும். நானே கொண்டாந்து விடுறேன்."

உள்ளேயிருந்து வாசல் திரைச்சீலை அசைந்தது. கீழே அவள் கால் தெரிந்தது.

பெரிய சிஸ்டர் சம்மதிக்கவில்லை. "முடிஞ்சுபோச்சு டீச்சர். திரும்பப் பேசினா திரும்பப் பெருசாகும்." அவரும் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று பயந்தார். டீச்சருக்கு வேலை பயம். அவர் வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி எத்தனை பேர் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அவரைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதனால்தான் அவர் உன்னிடம் வந்தார். திங்கள்கிழமை அசெம்பிளியில் செய்தி வாசிப்பது நீ. "கடைசியில ஒரே ஒரு வரி சேத்துக்க. பிள்ளைங்க சொன்னா சிஸ்டர் தடுக்க மாட்டாங்க. திரையை வரஞ்சது நாங்க, அது நிலாப் பாடம்னு சொல்லு போதும்." நீ, "சரி டீச்சர்," என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். டீச்சர் அன்று சாயங்காலமே கிடங்குக்குச் சொல்லி அனுப்பினார்.

திங்கள்கிழமை காலை. பச்சைக் கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள். அவள் அத்தா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அவள், சீருடையில், பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு. கம்பி இடுக்கு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நீ மேடையில் நின்றாய்.

நீ வாசித்தாய். கொடைக்கானல் ரோட்டில் மண் சரிவு. பிரதம மந்திரி எங்கேயோ பேசினார். நாளை மழை வரலாம். வாசித்து முடித்துத் தாளை நாலாக மடித்தாய். ஒரு மூச்சு எடுத்தாய். நான் இப்போது, இப்போது என்று நின்றேன். நீ இறங்கிவிட்டாய்.

நான் ரெண்டாவது வரிசையில் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேயர் பாட்டு ஆரம்பித்தது. அவள் அத்தா சைக்கிளைத் திருப்பினார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

மறுவருஷம் அவளுக்குச் சித்தையன்கோட்டையில் கல்யாணம். நம்மில் யாருக்கும் அழைப்பு இல்லை. கொடுத்திருந்தாலும் எந்த முகத்தோடு போயிருப்போம்?

ஏழெட்டு வருஷம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து ஆரஞ்சுக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் ஆரஞ்சு ஒன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். முதலில் சிரித்தது அவள்தான்.

"என்னடி, நகமெல்லாம் சுத்தமாயிருச்சா?"

"இன்னும் அந்த நாலு நிலாக் கணக்கு போடுறியா?" என்று கேட்டேன்.

"நாலா? இப்ப ஏழு வரைக்கும் வந்துட்டேன். நோட்டு இல்ல, அரிசி பொடைக்கிற முறத்துல கல்லு வச்சு எண்ணுறேன். மாமியா திட்டுறாங்க, அரிசியில இம்புட்டுக் கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு."

சித்தையன்கோட்டை பஸ் வந்தது. அந்த ஆரஞ்சை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் இன்னும் இருக்கிறாள். உன் மலர் அவள் வீட்டுக்கும் போயிருக்கிறது. அவள் பேத்தி நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியுமா? அந்தப் பிள்ளை பத்திரமாகக் கொண்டுபோய், பக்கத்தைப் பிரித்து, "இது யாரு நன்னிமா, உங்க கிளாஸ்ல?" என்று கேட்டிருக்கிறது. அவள் போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "விடுடி, வயசாயிருச்சு" என்றாள். நான் விடவில்லை. உனக்கு என்ன வேண்டும் சொல் என்று கேட்டேன்.

"புதுசா ஒண்ணும் வேணாம். எங்கத்தா கேட்டதுதான்," என்றாள்.

அடுத்த மாதச் சங்கக் கூட்டம் அதே ஹாலில். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேத்தியும் வரும். நான்தான் முதலில் மேடை ஏறுவேன். 'இல்ல சிஸ்டர்' என்று நான் அன்று சொன்னது பொய், பெஞ்சைப் பிடித்தவள் நான், பச்சையைக் கிளறியவள் நான் என்று சொல்வேன். பிறகு மைக்கை உன் கையில் தருவேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லாதே, கடிதம் எழுதாதே, அடுத்த மலரில் திருத்தம் போடுகிறேன் என்று சொல்லாதே. நீ மடித்துக்கொண்டு இறங்கிய அந்த ஒரு வரி பாக்கி இருக்கிறது. எங்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்: அந்த நாலு பிறையை வரைந்தது யார் கை?